பாங்குக்கு வராத காசு

றெனால்ட் தேத்தண்ணி ஊற்றினால் எப்போதும் சாயம் கூடிவிடும். இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டையின் கடைசி மாதங்களில், வலைஞர்மடத்துப் பங்கருக்குள் அவன் கடைசியாகத் தந்ததும் அப்படித்தான் இருந்தது. "குடியுங்கோ அம்மா, கப்பலில இதுவும் கிடையாது" என்றான். காலில் காயத்தோடு அன்று பின்னேரம் என்னைக் காயக்காரரைக் கொண்டுபோகும் செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றினார்கள். அவனும் தகப்பனும் கரையில் நின்றார்கள்.

மூன்று மாதம் கழித்து என் கணவர் அருட்பிரகாசம் நான் இருந்த அகதி முகாமுக்குத் தனியாக வந்தார். மகன் வேறு பெயரில் வெளிநாடு போய்விட்டான், தொடர்பு வைத்தால் எல்லோருக்கும் ஆபத்து என்றார். நம்பினேன்.

ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பிய பிறகு பக்கத்து வீட்டுப் பெற்றிசியா காணாமல்போன மகனின் படத்தோடு விசாரணை வரிசைகளில் நின்றாள். நான் அவளுக்காக இரக்கப்பட்டேன். நவம்பர் இரண்டாம் தேதி, சகல ஆத்துமாக்கள் நாளில், ஊரே கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தச் சேமக்காலைக்குப் போகும். நான் போகவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு மெழுகுதிரி கொளுத்துவார்களா?

அவர் முன்பு கடற்றொழில் சங்கத்தில் கணக்கு எழுதியவர். பழைய கொம்பியூட்டர் ஒன்று வாங்கி, வீட்டுக் கணக்கை ஒரு புரோகிராமில் பதிந்துவந்தார். மாதாமாதம் ஒரு வரி: றெனால்ட், பன்னிரண்டாயிரம், பாங்கு. சொந்தப் பெயர் போடாமல் மகன் பாங்குக்கு அனுப்பும் காசாம். அதைத் தொடக்கூடாது, அவன் வந்தால் வீடு கட்ட வேண்டும் என்பார். எத்தனை அறை என்றுகூடப் பேசியிருக்கிறோம்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் அவருடைய தங்கை மகள் கிருஷிகா வந்தாள். மன்னாரில் பாங்கில் வேலை செய்பவள். பழைய புரோகிராம் இனி ஓடாது என்று புதிய பதிப்பைப் போட்டுக் கொடுத்தாள். அது பாங்குக் கணக்கை உள்ளே எடுத்து, நாங்கள் எழுதியதோடு வரி வரியாக ஒப்பிட்டது. பொருந்தாதவை சிவப்பாயின. முப்பத்திநான்கு வரிகள். எல்லாம் றெனால்ட்டுடையவை.

"மாமா, உங்கட மகன் காத்திலயோ காசு அனுப்புறவன்?" என்று கிருஷிகா சிரித்தாள்.

அவர் எழுந்து வளவுக்குள் போய்விட்டார். அப்போதே எனக்கு விளங்கியது.

அவள் போனபின் சொன்னார். "நீ கப்பலேறின பிறகு ஏப்ரலில பங்கருக்கு மேல செல் விழுந்தது, மாக்கிறட். பிள்ளையை மணலுக்குள்ள நான்தான் தாட்டனான். நீ தாங்கமாட்டாய் எண்டு சொல்லேல்லை."

நான் எதைத் தாங்குவேன் என்பதை அவரே முடிவுசெய்திருந்தார். ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வருவார். கடற்கரை ஊரில் மீன் இல்லையாம். சேமக்காலைக்குப் போய், தன் மகனுக்குத் தான் மட்டும் அழுதுவிட்டு வந்திருக்கிறார். என் பங்கை எனக்குத் தரவில்லை. எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இப்போதும் இருக்கிறது.

அவருக்கு இருதய வருத்தம். கிளினிக்கில் கிடைக்காத ஒரு மருந்துக் குளிசையை வெளியில் கடையில் வாங்க வேண்டும். வாங்குவது நான். அவர் உண்மையைச் சொன்ன மாதத்திலிருந்து வாங்கவில்லை. அதே அளவில் ஒரு வெள்ளைச் சத்துக் குளிசையைப் போத்தலில் போட்டுவைத்தேன். கணக்கில் மட்டும் தவறாமல் பதிந்தேன்: குளிசை, ஆயிரத்து எண்ணூற்றைம்பது, கைக்காசு. கைக்காசு என்று போட்டால் புதிய பதிப்பு எதோடும் ஒப்பிடுவதில்லை. அவர் கதிரையில் இருந்து அந்த வரியைப் பார்ப்பார், தலையாட்டுவார். எழுதி இருந்தால் நடந்திருக்கும் என்று நினைக்கும் மனிதர்.

கால் வீங்கத் தொடங்கியது. பிறகு படுத்தால் மூச்சு முட்டியது.

"வீக்கம் வத்தட்டும், உன்னை வலைஞர்மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். பிள்ளையைத் தாட்ட இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார்.

"ஆறுதலாப் போவம்" என்றேன்.

குளிசையை நிறுத்தி நாலாம் மாதம் ஒரு விடியற்காலை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "குளிசை எல்லாம் ஒழுங்காப் போட்டனான்தானே?"

"ஓம், போட்டனீங்கள்."

வெயில் ஏறுமுன் உயிர் போய்விட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருக்கமாட்டார். அந்த இரக்கம் என்னிடம் இருந்தது.

இடத்தை முதலில் கேட்டு வைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். கேட்டால் அவரே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். அதற்கு அவரைப் பிழைக்க வைக்க வேண்டி வந்திருக்கும்.

போன கிழமை பஸ் ஏறி வலைஞர்மடத்துக்குப் போய்வந்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே மணல்.