உப்பைத் தள்ளும் வாசற்காவலன்

கையில் கடிகாரத்தையும் கண்ணில் கண்டிப்பையும் வைத்துக்கொண்டு, உதட்டில் மட்டும் சிரிக்கும் தலைவர் அவர்களே! அடுப்போடு போராடி ஊருக்கே ரொட்டி ஊட்டும் பேக்கரித் தோழர்களே! அவர்களை அடுப்புக்கும் முன்பே எழுப்பிவிடும் தாய்மார்களே! பெரியோர்களே! வணக்கம்.

ஆய்வுக்கூடத்துக்காரனுக்கு உங்கள் சங்கத்தில் என்ன வேலை? உங்கள் மாவைப் பொங்க வைக்கிறதே ஈஸ்ட், அதன் ஒற்றை ஜீனோடு, அதாவது மரபணுவோடு, மல்லுக்கட்டியே மண்டையில் முடி கொட்டியவன் நான். என்ன, அந்தப் பக்கம் சிரிப்பு? சிரியுங்கள், உங்களுக்கும் கொட்டும்!

அந்த ஜீன் என்ன செய்கிறது? ஈஸ்ட்டின் உடம்புக்கு ஒரு வாசற்காவலனை உண்டாக்குகிறது. மாவில் உப்பு மிகுந்தால் ஈஸ்ட்டுக்குள்ளும் புகும். புகுந்தால் ஈஸ்ட் சுருண்டு படுக்கும். காவலன் சும்மா இருப்பானா? வர வரப் பிடிப்பான், பிடித்துப் பிடித்து வெளியே தள்ளுவான்!

இதைச் சோதிக்க உங்கள் சங்கத்துப் பேக்கரி மாஸ்டர் ஒருவரின் கடைக்குப் போனேன். இரண்டு பாத்திரம் மாவு. ஒன்றில் அந்த ஜீன் உள்ள ஈஸ்ட், மற்றதில் அதை நீக்கிய ஈஸ்ட். போன நேரம் நல்ல நேரம்! மாஸ்டருக்கும் அவர் மனைவி, நம் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அடுப்பை அணைக்காமல் விட்டது யார் என்ற அற்பச் சண்டை. அக்காவின் பெட்டி கதவோரம் தயாராக நிற்கிறது.

"அண்ணன் வீட்டுக்குப் போறேன் சார். திரும்பி வர்றதா இல்லை."

"போறவங்களை இங்க யாரும் பிடிச்சு வைக்கலைன்னு சொல்லுங்க சார்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நடுவில் நான்தான் மத்தளம்.

மாஸ்டர் உப்புப் போட்டுவிட்டு நகர்ந்தார். "போட்டாச்சா?" என்று கேட்க மனம் வராமல் அக்காவும் போட்டார். இரண்டு பாத்திரத்திலும் இரட்டை உப்பு!

ஜீன் இல்லாத மாவு கல்லாகக் கிடந்தது. ஜீன் உள்ள மாவோ மூடியையே தள்ளிக்கொண்டு எழுந்தது. தோழர்களே, நான் குதித்தேன்! சுட்டு எடுத்தால் பொன்னிறம்! மாஸ்டர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். விழி பிதுங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காவலன் காப்பாற்றியது ஈஸ்ட்டை, ரொட்டியை அல்ல! தள்ளிய உப்பு வேறெங்கே போகும்? மாவில்தானே கிடக்கும்.

"ஏய், நீயும் உப்புப் போட்டியா?"

"போட்டேன்! நீங்க போட்டதைச் சொன்னா வாயிலிருந்து முத்து உதிர்ந்திருமா?"

"கேட்டா நீ குறைஞ்சா போயிடுவே?"

அவ்வளவுதான், மடை திறந்தது! அடுப்பு வந்தது, அண்ணன் வந்தார், கல்யாணத்தன்று யார் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள் என்பதும் வந்தது. கடைசியில் அக்கா அழுதார். மாஸ்டர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். எனக்கும் கண் கலங்கியது.

கண்ணுக்கே தெரியாத ஈஸ்ட்டுக்குத் தெரிந்தது, ஆறறிவு படைத்த நமக்குத் தெரியவில்லையே! உள்ளேயே வைத்திருந்தால் உப்பும் கொல்லும், கோபமும் கொல்லும். தள்ளுங்கள் வெளியே! கேளுங்கள்! பேசுங்கள்! முடியாவிட்டால் சண்டையாவது போடுங்கள்!

தேநீரோடு நீங்கள் சாப்பிட்ட பன், அதோ முன்வரிசையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பதி தந்தது. அவர்களுக்கு என் நன்றி. என்னம்மா? சப்பென்று இருந்ததா? காலையில் நானும் அங்கேதான் இருந்தேன். "நீயே போடும்மா", "இல்லைங்க, நீங்களே போடுங்க" என்று விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, இன்று உப்பை யாருமே போடவில்லை! அதையும் மிச்சம் வைக்காமல் தின்ற உங்கள் பெருந்தன்மைக்குத் தலைவணங்கி அமர்கிறேன். வணக்கம்!