பழைய மெஷினுக்குப் போன ஃபைல்

"ஹலோ... ஹலோ... ஆங், கேக்குது அண்ணே. கேக்குது, கேக்குது, கத்தாதீங்க. ... என்னது, மெஷின் சத்தமா? மெஷின் ஓடலைன்னுதானே போன் பண்ணீங்க, அப்புறம் சத்தம் எங்கேர்ந்து வருது? ... ஓ. புதுசு அஞ்சும் ஓடுது, பழசு ஏழும் ஓடலை. சரி சரி. அந்த அஞ்சுக்காவது என் வாழ்த்தைச் சொல்லிடுங்க."

டீச்சர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆள் உயரச் சலவை மெஷின்களுக்குள் உட்கார்ந்துகொண்டு தண்ணி விடு, சுத்து, கதவைத் திற என்று அதிகாரம் பண்ணுகிற சாஃப்ட்வேரை, ஒவ்வொரு வகை மெஷினில் இருக்கிற ப்ராசசருக்கும் தோதாகத் தயார் பண்ணிக் கொடுப்பது அவள் வேலை. மணி என்ன என்று கேட்டாலும் முதலில் கடிகாரத்தைப் பற்றி ஒரு பாடம் எடுத்துவிட்டுத்தான் மணியைச் சொல்வாள். அதனால் ஆபீஸில் வைத்த பெயர் அது. எதிர்முனையில் பெட்டி அண்ணன். கருவிப் பெட்டி இல்லாத கையோடு அவரை ஒருத்தரும் பார்த்ததில்லை. டீச்சர் தயார் பண்ணுவதை எடுத்துக்கொண்டு போய் மெஷினில் ஏற்றுகிறவர் அவர்தான். காலையில் ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற ஒரு பெரிய சலவைக் கூடத்துக்குப் போனவர், மெஷின் ஓடலை என்று அப்போதே ஒரு தரம் போன் பண்ணினார்; மத்தியானம் மூணு ஆகியும் திரும்பின பாடில்லை.

"அண்ணே, எனக்கு ஒண்ணுதான் புரியலை. ரெண்டே ரெண்டு ஃபைல். இருபது முப்பது இல்லை, ரெண்டு. ஒண்ணு பழைய மெஷினுக்கு, ஒண்ணு புது மெஷினுக்கு. பழசுல முப்பத்திரண்டு பிட் ப்ராசசர். புதுசுல அறுபத்து நாலு. புதுசுக்குச் செஞ்சது பழசுல ஓடாது. தலைகீழா நின்னாலும் ஓடாது. இதை உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ... ஆமா. ... ஆமா, ஆமா. அத்தனை தடவை சொல்லியும்... என்ன? டேப்பா? ... பழசுக்குச் சிவப்பு டேப், புதுசுக்கு நீல டேப். பென் டிரைவ் மேல ஒட்டி வெச்சிருக்கீங்க. அழகா இருக்கு. அப்படியே ஜரிகைக் காகிதமும் சுத்தியிருக்கலாம். ... சேச்சே, கிண்டல் இல்லண்ணே. நான் ஏன் உங்களைக் கிண்டல் பண்றேன்?"

கிண்டல்தான். அந்த டேப் எப்படி வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். போன வருஷம் இன்னொரு சலவைக் கூடத்தில் பெட்டி அண்ணன் நிஜமாகவே ஃபைலை மாற்றிப் போட்டுவிட்டார். இன்னொரு தரம் நடந்தால் அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று மேனேஜர் கடிதமே கொடுத்தார். அன்றையிலிருந்துதான் டேப்.

"சரி, அந்தம்மா என்ன சொல்றாங்க? ... அதாண்ணே, அங்க சூப்பர்வைசர் அம்மா. ... பக்கத்துலயே நிக்கறாங்களா? ... இடுப்புல கையை வெச்சுக்கிட்டு. நல்லது. ... ஏழு மெஷின்லயும் உள்ள ஈரத் துணியா? கதவு பூட்டிக்கிச்சா? ... எத்தனை விரிப்பு? ... அடேங்கப்பா. ... நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணுமா. ம். ம். ... அது எப்படிண்ணே தானா திறக்கும்? 'திற'ன்னு சொல்ல வேண்டிய சாஃப்ட்வேரே மயக்கம் போட்டுக் கிடக்குது. நீங்க கதவைத் தட்டினா உள்ளேர்ந்து விரிப்பு எந்திரிச்சு வந்து தாழ்ப்பாளை எடுக்குமா?"

அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். டீச்சர் பாதி கேட்டாள், பாதி நகத்தைப் பார்த்தாள்.

"லேப்டாப்பை மாட்டிட்டீங்கள்ல, அதுல என்ன வருது? படிங்க. ... ஒவ்வொரு எழுத்தா வேண்டாம், சேர்த்துப் படிங்க. ... எக்ஸெக் ஃபார்மேட் எர்ரர். பாத்தீங்களா? இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? 'இது எனக்குச் செஞ்சது இல்லை, வேற எவனுக்கோ செஞ்சதை என் வாயில திணிக்காதே'ன்னு அர்த்தம். மெஷினுக்கே தெரியுது, நமக்குத்தான்... ஒரு நிமிஷம் இருங்க, இங்க ஒருத்தர் வந்திருக்கார்."

வந்தவர் மேனேஜர். டீச்சர் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஆமா சார், லைன்ல அவர்தான். ... ஆமா சார். காலையில மெயில்ல போட்டேனே, அதேதான். மாத்திப் போட்டுட்டார். ... இல்ல சார், என் பக்கம் எல்லாம் செக் பண்ணியாச்சு."

மேனேஜர் ஐந்து விரலைக் காட்டிவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குப் போனார். ஐந்து மணிக்குப் பெட்டி அண்ணன் வந்து அட்டையைக் கொடுத்துவிட வேண்டும் என்று அர்த்தம். டீச்சருக்கு ஒரு மாதிரிதான் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் யாரோ ஒருத்தர் தப்புப் பண்ணியிருக்கும்போது அது தானில்லை என்பதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது அவளுக்கும் இருந்தது.

"அண்ணே, இருக்கீங்களா? ... ஆமா, மேனேஜர்தான். ... உங்களைப் பத்தி நான் என்னத்தைச் சொல்ல, நடந்ததைச் சொன்னேன். ... அஞ்சு மணிக்கு வரச் சொன்னாரா? ம், எனக்கும் சொன்னார். ... அதெல்லாம் அவர்கிட்ட பேசுங்கண்ணே, நான் யாரு அதுல? ... என்ன? சைஸா? ... ரெண்டு ஃபைலும் ஒரே சைஸ்ல இருக்கா. ஏண்ணே, இது என்ன சட்டையா, சைஸ் பாத்து எடுக்க? ... ஒரு பைட் கூட வித்தியாசம் இல்லையா. அப்போ என்ன அர்த்தம்? ஒரே ஃபைலை ரெண்டு டிரைவ்லயும் போட்டுட்டு ஆளுக்கொரு கலர் டேப்பை ஒட்டிட்டீங்கன்னு அர்த்தம். உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்றீங்க, இதுக்கு வேற போன் செலவு. ... மறுபடி சர்வர்லேர்ந்து இறக்கினீங்களா? ... அப்பவும் ஒரே சைஸா?"

இந்த இடத்தில் வேறு யாராவது என்றால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். டீச்சர் யோசிக்கவில்லை. விசைப்பலகையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"சரி. உங்க மனசு ஆறணும்ல? சர்வர்ல இருக்கற ஃபைலையே நான் இங்கேர்ந்து பாத்துச் சொல்றேன். எந்த ப்ராசசருக்குச் செஞ்சதுன்னு ஃபைலைக் கேட்டா அதுவே சொல்லிடும். என்ன வரும்னு இப்பவே சொல்லட்டுமா? முப்பத்திரண்டுன்னு வரும். வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பறேன், பிரேம் போட்டு வீட்டுல மாட்டிக்கோங்க. ... அண்ணி கேட்டா என் பேரைச் சொல்லுங்க. ... இருங்க, அடிக்கறேன். ... ம். ... வருது..."

அறுபத்து நாலு என்று வந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். மறுபடி அடித்தாள். ஃபைல் பெயரில் 'பழையது' என்று இருந்தது. உள்ளே அறுபத்து நாலு என்று இருந்தது. அவளே வைத்த பெயர், அவளே செய்த ஃபைல், அவளே ஏற்றின தேதி.

எப்படி என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த வேலையில் ஒரு விவகாரம் உண்டு. எந்த ஃபோல்டரில் வைத்துச் செய்கிறோமோ, அந்த ஃபோல்டர் முதலில் சொன்ன ப்ராசசரை மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்ளும். அப்புறம் ஆப்ஷனை மாற்றிச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லாது. தலையை ஆட்டிக்கொண்டு பழையபடியே செய்து, பெயரை மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடும். அதனால் ப்ராசசர் மாறினால் ஃபோல்டரை முழுக்கத் துடைத்துவிட்டு அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் இருக்கைக்கு மேலே சுவரில் இதையே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டினதும் அவள்தான். அந்தக் காகிதத்துக்குக் கீழே நிற்க வைத்து எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

துடைத்துவிட்டுச் செய்தால் நாற்பது நிமிஷம் ஆகும். இந்த ஃபைலைச் செய்த அன்றைக்கு யாரோ ஒருத்தி வேலையை விட்டுப் போகிறாள் என்று கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். டீச்சர் துடைக்காமல் பட்டனைத் தட்டிவிட்டுக் கேக் சாப்பிடப் போனாள்.

"... இருக்கேன். ... இருக்கேன் அண்ணே, கட் ஆகலை. ... வந்துச்சு. ... சொல்றேன். ... ஒண்ணு பண்ணுங்க. இன்னும் நாப்பது நிமிஷத்துல பழசுக்குன்னு புதுசா ஒரு ஃபைல் ஏத்தி விடறேன். அதை இறக்கிப் போட்டுப் பாருங்க. ... இல்ல, சும்மாதான். எதுக்கும் ஒரு பாதுகாப்புக்கு."

இவ்வளவு மோசமாகத் தனக்குப் பொய் சொல்ல வரும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது. ஃபோல்டரைத் துடைத்தாள். முப்பத்திரண்டு என்று ஆப்ஷனைப் போட்டு ஓடவிட்டாள். அதே பெயரில் சர்வரில் ஏற்றிவிட்டால் மெஷின் ஓடும், கதவு திறக்கும், யாரும் தேதியைத் தோண்டப் போவதில்லை. ஐந்து மணிக்கு நடக்க வேண்டியது அதன்பாட்டுக்கு நடந்துவிடும்.

"என்ன? ... மன்னிப்பா? நீங்க எதுக்கு அண்ணே... இல்ல... இருங்க, நான் பேசிக்கறேன்... இல்ல, நீங்க அப்படிச் சொல்லாதீங்க. ... டேப்பை நீங்கதான் மாத்தி ஒட்டிட்டீங்களா? யாரு சொன்னா? ... கண்ணு முன்ன மாதிரி இல்லையா. ... அண்ணே, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. சைஸ் ஒண்ணா இருக்குன்னு நீங்கதானே பாத்துச் சொன்னீங்க. ... இல்ல, கிண்டல் இல்லை. இப்ப சத்தியமா கிண்டல் இல்லை."

அவர் விடாமல் பேசினார். டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள்.

"கையெழுத்தா? எதுல? ... அந்தம்மா நீட்டின காகிதத்துலயா? என்னன்னு எழுதியிருக்கு, படிங்க. ... 'சர்வீஸ் ஆளின் கவனக்குறைவால்'. ... போட்டுட்டீங்களா? எப்போ? ... இப்பவா? நான் இங்க பாத்துட்டு இருக்கும்போதா? ஏண்ணே, யாராவது படிச்சுப் பாக்காம... படிச்சுட்டுத்தான் போட்டீங்களா. ... நான் சொன்னேன்னா? ... டீச்சர் சொன்னா தப்பா இருக்காதுன்னா போட்டீங்க?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. முகம் சுட்டது. அவர் சண்டை போட்டிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால், ஒருவேளை அவளும் கடைசிவரை சாதித்திருப்பாள். தன் கண்ணைவிட அவள் பேச்சைப் பெரிதாக நம்பினவரை என்ன செய்ய?

"அண்ணே, கேளுங்க. குறுக்க பேசாதீங்க. நீங்க சிவப்பு டேப்பைச் சரியாத்தான் ஒட்டினீங்க. சரியான மெஷின்லதான் செருகினீங்க. ஃபைல்தான் தப்பு. ... ஆமா, நான் செஞ்ச ஃபைல். ... ஆமா, நான்தான். வைக்காதீங்க, லைன்லயே இருங்க."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே கண்ணாடி அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், காலையில நான் போட்ட மெயில் தப்பு. அவர் எதையும் மாத்திப் போடலை. பழைய மெஷினுக்குன்னு நான் குடுத்ததே புது மெஷின் ஃபைல். ... ஆமா சார், நான். ... செக் பண்ணேன்னு சொன்னேன், பண்ணலை. புது மெஷின்ல மட்டும் ஓட்டிப் பாத்துட்டு ரெண்டும் சரின்னு எழுதிட்டேன். ... அப்புறமா பேசறதா? இல்ல சார், அவர் லைன்ல இருக்கார். அவர் காதுல விழணும்னுதான் இப்பவே சொல்றேன். ... கடிதம் எனக்கா? குடுங்க சார். வாங்கிக்கறேன். ... அண்ணே, கேட்டுச்சா? ... என்ன, 'பரவாயில்லை'யா? பரவாயில்லைன்னு சொல்லாதீங்க, எரிச்சலா வருது. அந்தம்மாகிட்ட போனைக் குடுங்க."

போன் கைமாறியது. மேனேஜர் எழுந்து வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையாலும் சைகை காட்டினார். டீச்சர் திரும்பி நின்றுகொண்டாள்.

"வணக்கம்மா. நான் ஆபீஸ்லேர்ந்து. ... தெரியும்மா, ஏழு மெஷின். ... ஆமா. ... ஆமா, ஆமா, நாலு மணி. நாலுக்கு முடியாதும்மா, அரை மணி தள்ளி ஓடும். ... திட்டுங்க. ... ம். ... ம். முடிஞ்சுதா? சரி. இப்ப அவர்கிட்ட ஒரு காகிதம் வாங்கினீங்களே, அதைக் கிழிச்சிடுங்க. அவர் மேல தப்பு இல்லை. ... அவரைக் காப்பாத்தறதுக்குச் சொல்லலைம்மா, காப்பாத்தற ஆளா இருந்தா காலையிலயே காப்பாத்தியிருப்பேன். ... வேற காகிதம் வேணுமா? எழுதிக்கோங்க. தப்பு ஆபீஸ்ல. ... ஆபீஸ்ல யாரா? ... ஆள் பேர் இல்லாம எடுத்துக்க மாட்டீங்களா. நியாயம்தான். ... பேனா இருக்கா? எழுதுங்க. பில்ட் இன்ஜினியர், அதாவது ஃபைலைத் தயார் பண்ற ஆள். பேரு..."

டொக் என்று லைன் கட்டாகிவிட்டது.

மேனேஜர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். நல்லதாப் போச்சு, விட்டுவிடு என்பதுபோல் கையை அசைத்தார். டீச்சர் அதே நம்பரைத் திரும்ப அழுத்தினாள்.