பாடி ஒரிஜினல் இல்லை

உங்கள் ஸ்டேஷன் காபியில் சிக்கரி அதிகம், மேடம். குறையாகச் சொல்லவில்லை. கலப்படம் என்றாலே எனக்குக் குமட்டும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் பெயர் காஸ்பர். வீடு மயிலாப்பூரில், லஸ் பக்கம். ஷெட்டில் நின்றது என் மாமனாரின் கார். இங்கிலாந்திலிருந்து ஐம்பத்து மூன்றில் கப்பலேறி வந்த எம்.ஜி. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம். மாமனார் அதைத் தன் மகன் ஆஸ்வினுக்குத்தான் எழுதிவைத்தார். ஆனால் அவர் போன பிறகு இத்தனை வருடம் பார்த்துக்கொண்டது நான். தார்ப்பாய் போட்டு மூடி, ஓர் ஆணியைக்கூட யாரும் மாற்ற விடாமல் வைத்திருந்தேன்.

நான் வேளாங்கண்ணிக்குப் போயிருந்த வாரத்தில் என் மனைவி ஐரின் ஷெட் சாவியைத் தம்பி ஆஸ்வினிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவன் வண்டியைச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டுபோனான். அங்கே டில்லிபாபு என்று ஒரு தகர வேலைக்காரர் புதுப் பாடி கட்டினார். இன்ஜின் இருந்த இடத்தில் ஏதோ பழைய மாருதி வேனின் இன்ஜின்.

திரும்பி வந்த வண்டியைப் பார்த்ததும் வாயெல்லாம் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது. மிட்டாய்ச் சிவப்பில் பெயின்ட். தண்ணீர் பாட்டில் வைக்கக் கதவில் ஓர் ஓட்டை. ஸ்டார்ட் செய்தால் காய்கறி வண்டிச் சத்தம்.

"எப்படி மாமா இருக்கு? அப்பா பார்த்தா அசந்துடுவாரு" என்றான் ஆஸ்வின்.

பழைய பாடி எங்கே என்று கேட்டேன். கூட வந்திருந்த டில்லிபாபு தலையைச் சொறிந்தார். "கைய வச்சா கொட்டுது சார். உள்ள பூரா கரையான். நான் இன்னா பண்றது?"

ஐரின் ஒன்றுதான் சொன்னாள். "ஓடுதுல்ல, அது போதுங்க." அன்றிலிருந்து அவள் போட்ட சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதர் வண்டியை மந்திரித்தார். அந்தப் போலிக்குத் தீர்த்தம் தெளித்து, மாலை வேறு. அப்புறம் எல்லோரும் கேக் சாப்பிட உள்ளே போனார்கள். நான் குனிந்து பிரேக் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். அந்த நட்டும் ஒரிஜினல் இல்லை, ஸ்பேனர் சரியாக உட்காரவேயில்லை. ஆமாம், ஸ்பேனரைப் பூசைக்கே எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

பெருங்குடியில் சொந்தக்காரர் வீட்டில் விருந்து. தம்பி பக்கத்தில் ஐரின் ஏறி உட்கார்ந்து, "நீங்க ஆட்டோல வந்துடுங்க" என்றாள். சரி என்றேன். நேராக வீட்டுக்குப் போனேன். வெகு நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் கான்ஸ்டபிள் வந்தார். "சார், ஆஸ்பத்திரி வரைக்கும் வரணும். பாடியை அடையாளம் காட்டணும்."

"அது ஒரிஜினல் பாடி இல்லைங்க, சிந்தாதிரிப்பேட்டையில கட்டினது" என்றேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். கார் என்ற வார்த்தையையே அவர் அதுவரை சொல்லியிருக்கவில்லை. யாருக்கு என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை. அவர் பாடி என்று சொன்னது ஐரினை.

அடையாறு பாலத்து இறக்கத்தில் நடந்ததாம். ஆஸ்வின் பிழைத்துக்கொண்டான். தொடையில் ஸ்டீல் கம்பி வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. இனி அவனும் ஒரிஜினல் இல்லை.

ஐரின் அதில் ஏறுவாள் என்று தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பழைய பாடி என் ஷெட்டிலேயே மக்கிப்போயிருந்தது என்று டில்லிபாபு சொல்கிறாரே, அதை மட்டும் எழுதாதீர்கள். அது பச்சைப் பொய். இத்தனை வருடத்தில் நான் அந்தத் தார்ப்பாயை ஒரு முறைகூடத் திறந்ததில்லை, மேடம். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன்.