இரண்டு சீட்டு கார்

1. உதியன்குளங்கரையில் எல்லைப் போராட்ட ஊர்வலம் வந்தது.
2. நெய்யாற்றின்கரை போகும் எங்கள் பஸ் ஓரமாக நின்றது.
3. பின்சீட்டில் ஒருவர் தன் நண்பரிடம் சொன்னார்: "ரெண்டு சீட்டு மட்டும் உண்டு. அதுக்காகவாக்கும் அந்தக் காரை ஏலத்துல எடுத்தேன்."

நண்பர் சிரித்துவிட்டார்.

"எலே, ஊரை விட்டுப் போன தொர நம்ம சர்ச்சு சபைக்குக் குடுத்த பழைய ரேஸ் காரு அது. அறுப்புப் பண்டிகையில வாழக்கொலைய ஏலம் எடுத்தவன், மறுபடியும் ஏலம் விடச் சொல்லித் திருப்பிக் குடுப்பான். காரையும் நீ குடுப்பேன்னு பாத்தா, ஏறி உக்காந்திட்ட."

"இல்ல மக்கா. ஒற்றசேகரமங்கலத்துக்குப் பெண்டாட்டியக் கூப்பிடப் போனா, அவளுக்க ரெண்டு அண்ணன்மாரும் கூட வாறாவ. நம்ம ஊரு தமிழ்ப் பக்கத்தோட சேரணும்னு நான் சொல்லுவேன். கூடாதுன்னு அவிய சண்டைக்கு நிப்பாவ. கடைசியில அவளையும் திரும்பக் கூட்டிட்டுப் போவாவ. இந்தக் காருல அவ ஒருத்திதான் வர முடியும்."

"பின்ன எதுக்குடே இன்னைக்கு பஸ்ஸில போற?"

ஊர்வலத்தின் கோஷம் சற்று ஓய்ந்ததும் அவர் சொன்னார்:

"முதல்ல அவகிட்ட கேக்கணும். வரமாட்டேன்னு சொன்னா, திரும்பி வரச்சில பக்கத்து சீட்டு சும்மா கிடக்கும்லா. அத என்னால பாக்க ஏலாது."

நண்பர் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. அமரவிளையில் அவர் இறங்கிக்கொண்டார்.

நெய்யாற்றின்கரையில் மற்றவர் இறங்கி, ஒற்றசேகரமங்கலம் பஸ்ஸைப் பற்றி விசாரித்தார். போராட்டத்தால் இன்றைக்கு அது ஓடாது என்றார்கள். நான் கிளம்பும்வரை அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.