வெட்டப்படாத அலகுகள்

சாட்சியின் பெயர் தனி உறையில் முத்திரையிட்டு இணைக்கப்பட்டுள்ளது. வயது நாற்பத்தொன்று. கால்நடை மருத்துவமனைக்குப் பின்னாலுள்ள ஊழியர் குடியிருப்பில், இரண்டாம் மாடியில், கணவருடனும் அவருடைய தங்கையுடனும் வசிக்கிறேன். விசாரித்ததில் நான் சொல்வதாவது:

நான் பதினான்கு வருடங்களாகக் கால்நடை ஆய்வகத்தில் மாதிரி எடுக்கும் உதவியாளராக இருக்கிறேன். பறவைக் காய்ச்சல் வந்திருக்கிறதா என்று பார்க்க, முன்கூட்டிச் சொல்லாமல் முட்டைப் பண்ணைகளுக்குப் போய், கொட்டகைக்குள் நானே இருபது கோழிகளைப் பிடித்து, தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுக்க வேண்டும். இந்த மாதம் எனக்கு ஒதுக்கப்பட்டது இந்த வழக்கிலுள்ள ஒரே பண்ணை; அங்கே என் நாத்தனார் முட்டை பிரிக்கும் வேலை செய்கிறாள். இதை மேலதிகாரிக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முதல் முறை போனபோது பண்ணை மேலாளர் வாசலிலேயே நின்றிருந்தார். "உள்ள இப்பதான் மருந்து அடிச்சிருக்கோம் மேடம், நீங்க எதுக்குக் கஷ்டப்படணும், கோழிய இங்கயே கொண்டாரச் சொல்றேன்" என்றார். செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளுகிற, எல்லோரும் சாக்குக்காரர் என்று கூப்பிடும் தொழிலாளி, இருபது கோழிகளைக் கூண்டில் கொண்டுவந்து வைத்தார். அவர் கூண்டை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். நான் மாதிரி எடுத்தேன். படிவத்தில் "கொட்டகையினுள் என்னால் பிடிக்கப்பட்டவை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த வரி பொய். அடுத்த வாரமும் அப்படியே செய்தேன். இரண்டு முறையும் நோய் இல்லை என்றே முடிவு வந்தது.

மூன்றாவது வாரம், ஒரு கோழி என் கையுறையைக் கொத்திக் கிழித்துவிட்டது. முட்டைப் பண்ணைக் கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சிலேயே அலகு நுனியை வெட்டிவிடுவார்கள். கொத்திய கோழியின் அலகு முழுதாக இருந்தது. கூண்டிலிருந்த மற்ற கோழிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். இருபதுக்கும் அலகு முழுதாக இருந்தது. அவை அந்தப் பண்ணைக் கோழிகளே அல்ல என்று அப்போதுதான் புரிந்தது; முந்தைய இரண்டு முறையும் அவசரத்தில் அலகைக் கவனிக்கவில்லை. நான் சாக்குக்காரரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். கொட்டகையைத் திறக்கச் சொன்னதற்கு மேலாளர், "சாவி முதலாளிகிட்ட இருக்கு" என்றார். அவர் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது.

அதன் பிறகு வண்டிக்குத் திரும்பும்போது, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இரண்டு பூனைகள் செத்துக் கிடந்ததையும், மூன்றாவது பூனை ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்ததையும் கண்டேன். நோய் வந்த கோழியைத் தின்ற பூனைக்கும் இந்தக் காய்ச்சல் வரும் என்பதால், செத்த பூனைகளின் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்துப் பெட்டியில் வைத்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டில் நாத்தனாரின் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. காய்ச்சல் உண்டா, கொட்டகையில் கோழி சாகிறதா என்று கேட்டேன். "தூசி அண்ணி. எதைப் பாத்தாலும் நோய்னு சொல்றதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு. பண்ணையை மூடிட்டா நாங்க அறுபது பேரு எங்க போவோம்?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். என் கணவர், "வீட்டுக்குள்ளயும் துப்பறிய ஆரம்பிச்சுட்டியா?" என்றார்.

மறுநாள் பிற்பகல் பூனைகளின் மாதிரியில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. நான் மேலதிகாரியிடம் கூண்டுக் கோழி விஷயத்தையும் என் பொய்க் கையெழுத்துகளையும் சேர்த்தே சொன்னேன். அதன் பிறகு அதிகாரிகளுடன் போய்ப் பூட்டை உடைத்தபோது, மூன்றாம் கொட்டகையில் பாதிக் கூண்டுகள் காலியாக இருந்தன. மீதியில் கோழிகள் சத்தமில்லாமல் தலை தொங்கி உட்கார்ந்திருந்தன. பின்புறம் புதிதாக மூடிய குழியில் சுண்ணாம்பு தூவியிருந்தது. தொழிலாளர்கள் எல்லோரையும் சோதித்ததில் என் நாத்தனாருக்கும் சாக்குக்காரருக்கும் தொற்று இருந்தது. இருவரையும் தனித்தனி அறையில் சேர்த்தார்கள்.

குடும்பச் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு நான் ஆய்வகத்தில் மாதிரியில் நோய்க்கிருமியைக் கலந்துவிட்டதாக மேலாளர் சொல்லியிருப்பது பொய். நான் வரும் நாள் அவருக்கு எப்படித் தெரிந்தது என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. முதலில் என்னைப் பண்ணைக்கு அழைத்துப்போகும் ஆய்வக வண்டி ஓட்டுநரைச் சந்தேகித்து, அவருடன் பேசுவதையே நிறுத்தினேன். அது தவறு. நாத்தனார் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, போனில் தானே சொன்னாள்: "நீங்க ரப்பர் பூட்ஸைக் கழுவி பால்கனியில வச்சா மறுநாள் எங்க பண்ணைன்னு எனக்குத் தெரியும் அண்ணி. மத்த எடத்துக்கெல்லாம் செருப்புதானே. மேனேஜர் கேட்டாரு, சொல்லிட்டேன்." இதை மறைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் கணவர் மறைக்கத்தான் சொன்னார். மறைக்கவில்லை.

என் நாத்தனார் தேறிவருகிறாள். சாக்குக்காரர் சென்ற வியாழக்கிழமை மதியம் இறந்துவிட்டார். அது அவளுக்குத் தெரியாது. தினமும் போனில், "அவருக்கு இப்ப எப்படி அண்ணி இருக்கு?" என்று கேட்கிறாள். "பரவாயில்ல, இன்னிக்குக் கஞ்சி குடிச்சாரு" என்று நான் சொல்லிவருகிறேன்.

இந்தக் கடைசி விஷயத்தை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி இதில் உள்ளவை நானாகச் சொன்னவை. எழுதியவர் உரக்கப் படித்தார், கேட்டேன், சரியாக இருக்கிறது. இந்த முறை ஒவ்வொரு வரியையும் நானும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

(கையொப்பம்)