பல்லுக்குள் பதினைந்து எழுத்து

விலாசினி: ...அதான் கேக்கேன் மக்களே. பக்கத்து வீட்டு சதாசிவனுக்க தோட்டத்தில குத்தகைக்காரன் ரப்பர் வைக்கத் தோண்டினப்போ கிட்டின எலும்பு ராஜா காலத்ததுன்னு பேப்பர்லயே போட்டாச்சு. பின்ன நீ எதுக்கு ஆரியங்கோட்டில வீடு வீடா ஏறி இறங்குதே?

நந்தனா: முந்நூறு வருஷம்னு ஆராய்ச்சியில எழுதினது நான்தான் மாமி. கணக்கு தப்பிப்போச்சு.

விலாசினி: இத்தனை படிச்ச பிள்ளைக்கா?

நந்தனா: அந்தப் பல்லுக்குள்ள காசநோய்க் கிருமி இருந்தது. இப்ப இந்தப் பக்கத்து ஆளுகளுக்க சளியில உள்ள கிருமியோட ஒத்துப் பார்த்தேன். மரபணுவில பதினஞ்சு எழுத்து மாறியிருக்கு. இருபது வருஷத்துக்கு ஒரு எழுத்துன்னு பெருக்கினேன்.

விலாசினி: அதில என்ன தப்பு?

நந்தனா: அது ஆயிரக்கணக்கான வருஷத்தை வச்சு எடுத்த வேகம். கொஞ்ச காலத்தை மட்டும் கிட்டத்தில நின்னு பார்த்தா, ரெண்டு வருஷத்துக்கே ஒண்ணு மாறும்.

விலாசினி: ஒரே கிருமிக்கு ரெண்டு வேகமா? கொள்ளாமே, நல்ல கூத்து.

நந்தனா: நீங்க சொல்லுத கதை மாதிரிதான். காலையில சொன்னது சாயங்காலத்துக்குள்ள பத்து தடவை மாறும். பத்து வருஷம் கழிச்சு ரெண்டு மாற்றம்தான் மிச்சம் இருக்கும். நிக்காதது எல்லாம் இடையிலயே செத்துப்போகும்.

விலாசினி: எனக்கே குத்து, இல்லியா... சரி, எத்தனை வருஷம்?

நந்தனா: முப்பது. அப்ப இங்க யாரு காணாமப் போனது மாமி?

விலாசினி: மெதுவாப் பேசு. மதிலுக்கு அங்கோட்டு சதாசிவன் நிக்கான். நீ வந்ததிலேருந்து அசையாம நிக்கான்.

நந்தனா: பார்த்தேன்.

விலாசினி: காணாம ஒருத்தரும் போகல்ல. அவனுக்க பெண்டாட்டி சுலோசனா... இருமிட்டே கெடப்பா... தையல்காரன்கூட நெய்யாற்றின்கரை பஸ்ஸில ஏறிப் போனா. எனக்க கண்ணால கண்டதாக்கும். பச்சை சேலை.

நந்தனா: போன மாசம் நீலம்னு சொன்னிய. அதுக்கு முந்தி சிகப்பு. பஸ் மட்டும் மாறவே இல்ல.

விலாசினி: நீ... ஆருக்க பிள்ளை?

நந்தனா: பெருங்கடவிளையில அம்மைக்குக் கூடப்பிறந்த அம்மாவன் வளத்த பிள்ளை. இங்க இருக்கும்போ எனக்குப் பேரு அம்மு. ரெண்டு வயசு.

விலாசினி: எனக்க தெய்வமே...

நந்தனா: அந்தப் பல்லும் எனக்க எச்சிலும் தாயும் மகளும்னு ஒத்துப்போச்சு. பள்ளிக்கூடத்தில எனக்கு ‘ஓடிப்போனவ மக’ன்னுதான் பேரு. இப்பவும் வாசல்ல பஸ் நின்னா எட்டிப் பார்ப்பேன் மாமி. பஸ்ஸில ஏறினதை நீங்க கண்டியளா?

விலாசினி: பஸ்ஸையும் காணல்ல, சேலையையும் காணல்ல... அண்ணைக்கு விடியக்காலம் சதாசிவன் கிணத்தடியில மண்வெட்டி கழுவினதைக் கண்டேன். அவனும் என்னைக் கண்டான்.