சாதுவும் சண்டியும் ஒன்றல்ல

தேநீர் நன்றாக இருந்தது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

நீங்கள் கேட்டது எளிய விஷயம். விளக்கினால் எவருக்கும் புரியும், என் அத்தானைத் தவிர. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே குடும்பத்துக் கிருமிகள் இரண்டு இருந்தன. சாது, சண்டி என்று என் அக்கா விளையாட்டாகப் பெயர் வைத்தாள். நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே அச்சு. சண்டியின் மேல்தோலில் மட்டும் ஒரு புரதம், ரோமம்போல் சிலிர்த்து நிற்கும். அதை வைத்துத் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். விழுங்க வரும் வெள்ளையணுக்களின் பிடியிலிருந்து வழுக்கிவிடும். சாதுவுக்கு அந்த ரோமம் இல்லை. வந்த சுவடு தெரியாமல் செத்துப்போகும்.

கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்பதால் நான் ஒரு சோதனை வைத்திருந்தேன். அந்தப் புரதத்தைப் பிடிக்கும் சீரம் ஒரு சொட்டு விட்டால், சண்டி பால் திரிவதுபோல் திரியும். சாது அப்படியே இருக்கும். எவ்வளவு அழகு, பாருங்கள்.

அக்காவைக் கட்டிய அத்தான்தான் எங்கள் தலைவர். விருந்தினர் வந்தால் சாதுவை ஒரு கரண்டி குடித்துக் காட்டுவார். அதற்குக் கைதட்டலும் உண்டு. அப்படி ஒருநாள், குடிப்பதற்கு முன் நான் செய்யும் சோதனையை அத்தனை பேர் முன்னால் நிறுத்தினார்.

"மச்சான் அந்த முடியையே பிடிச்சுத் தொங்குறான். ரெண்டும் ஒண்ணுதான்யா, எதுக்கு சீரத்தை வீணாக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். மூத்தவர் சொல்லைத் தட்டக்கூடாது. இரண்டும் ஒன்று என்றால், எந்தக் குழாயிலிருந்து ஊற்றிக் கொடுத்தால் என்ன?

அந்த வாரமே அவருக்குத் தொண்டை அடைத்து, காய்ச்சல் கொதித்தது. "லேப்ல இருந்து ஏதாவது தொத்தியிருக்குமா?" என்று டாக்டர் கேட்டார்.

"அவர் குடிச்சது சாது, டாக்டர். பச்சத்தண்ணி மாதிரி."

அக்கா அவர் வாயைத் துடைத்தபடியே இருந்தாள். "நீ பக்கத்துல இருக்கறதே தெம்பா இருக்குடா, தம்பி" என்றாள். கையுறை போட்டுக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். விட்டுவிட்டேன்.

அத்தான் போனார். பின்னாலேயே அக்காவும்.

குழாயை மாற்றியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொன்றது அந்தப் புரதம். நான் ஓர் எறும்பைக்கூட மிதித்ததில்லை. சாது என்பது சின்ன வயதிலிருந்தே அக்கா என்னைக் கூப்பிட்ட பெயர். அதைத்தான் அந்தக் கிருமிக்கும் வைத்தாள். கூடவே வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாதா நான் எந்த ரகமென்று?